பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிற மிஸ்

கணினியில் புதிதாக எதையாவது போட்டு, அது ஒழுங்காக ஓடுகிறது என்று கண்டால் மற்றவர்கள் ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள். அவர் மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்குவார்.

நான் அதை முதன்முதலில் பார்த்தது கல்பிட்டிப் பக்கம், கண்டக்குழிக் கடற்கரையில், எங்கள் படகுச் சங்கத்தின் ஒற்றை அறையில். டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகுகளின் சங்கம் அது. நாற்பத்தொரு படகுகள். மற்ற மாதங்களில் வலை போடுகிறவர்கள், வெள்ளைக்காரர் வரும் பருவத்தில் அவர்களுக்கு லைஃப் ஜக்கட் மாட்டிவிட்டு டொல்பின் காட்டுவார்கள். நான் செயலாளர். பெயர்தான் பெரிது, வேலை என்னவென்றால் காலையில் எந்தப் படகு கடலுக்குப் போனது, மதியத்துக்குள் எது திரும்பியது என்று பார்த்து, எல்லாம் வந்ததும் நேவிக் காவலரணுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது. அதற்கு ஒரு கொப்பி வைத்திருந்தோம். ஈரக் கையோடும் அவசரத்தோடும் நிற்கிற மனிதன் கொப்பியில் எழுதுவானா? ஒருவரும் எழுதவில்லை. அதனால்தான் அவரைக் கூட்டி வந்தோம்.

அவர் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம். கொழும்பில் ஒரு கொம்பனியில் பல வருடம் கணினி வேலை பார்த்துவிட்டு, உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கறுப்பு ஹபாயாவோடு ஸ்கூட்டியில் வருவார், தோளில் ஒரு பழைய பை. படகுக்காரர் எல்லாருக்கும் அவர் மிஸ், எனக்கும் மிஸ்தான். இங்கேயும் பெயரை எழுதப் போவதில்லை. செய்த வேலையில் பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. பிழை விட்ட இடத்தில் மட்டும் கேட்காமலே பெயரைச் சொல்லுவார்.

கணினி, மூடிப்போன ஒரு லொட்ஜில் இருந்து சங்கத்துக்கு வந்தது. சாதாரண வீட்டுக் கணினி. அதில் அவர் ஒரு தரவுத்தளத்தைப் போட்டார். நான் பள்ளிக்கூடத்தில் அறிந்தவரை தரவு என்றால் வன்தட்டில் கிடப்பது. இது வேறு சாதி. எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓடுவது.

“இது ஒண்டையும் போய்த் தேடித் திரியாது செக்ரட்டரி. எல்லாம் ஞாபகத்துல ஈக்கி. கேட்ட உடன சொல்லும். அதனாலதான் இந்தக் கெதி.”

அவர் ஊர்ப் பேச்சில் இருக்கு என்பது ‘ஈக்கி’, வேகம் என்பது ‘கெதி’. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினார். எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. பிறகு ‘பிங்’ என்று தட்டினார். உடனே ‘பொங்’ என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன மிஸ் இது, விளையாட்டுச் சாமானா?”

“உசிரோட ஈக்கா எண்டு கேக்கிற. ஈக்கி எண்டு சொல்லுது.”

என் பெயரைக் கொடுத்தார். திரும்பக் கேட்டார். கண் இமைக்க முதல் என் பெயர் திரையில் நின்றது. நான் கையைத் தட்டினேன். ஒரு ரேடியோவில் தன் பெயரைக் கேட்ட சந்தோஷம் எனக்கு. அந்த நேரம் பார்த்து அவர் குனிந்து பிளக்கை இழுத்தார். திரை செத்துப்போனது.

“ஐயோ மிஸ், கழண்டு போச்சு!”

“கழரல்ல. நான் கழட்டின.”

திரும்பப் போட்டுத் தட்டினார். ‘பிங்’. ‘பொங்’. என் பெயரைக் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. உயிரோடு இருக்கிறேன், ஆனால் உன்னைத் தெரியாது என்கிறது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவருக்கோ அன்று முழுக்க இல்லாத சந்தோஷம்.

“இப்பதான் இதப் பத்தி எனக்கு ஒண்டு தெரியும்,” என்றார்.

அதன் பிறகு இரண்டு நாள் அதை வன்தட்டில் எழுத வைப்பதற்கான வேலை நடந்தது. வருகிற ஒவ்வொரு சொல்லையும் உடனுக்குடன் எழுதும்படி வைக்கலாமாம். வைத்துப் பார்த்தார். எங்கள் கணினியின் வன்தட்டு கிழடு, எழுதத் தொடங்கினால் முனகும், திரை அப்படியே நின்றுவிடும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதி வைக்கும்படி மாற்றினார். திரும்பவும் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பிடுங்கினார் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதி, திரைக்கு மேலே ஒட்டினார்.

‘கரண்ட் போனால் பத்து நிமிடம் போகும். வந்ததும் எல்லாப் படகையும் திரும்பக் கேட்க வேண்டும்.’

இப்படித் தன் வேலையின் ஓட்டையைத் தானே போர்ட் போட்டு வைக்கிற ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. சுற்றுலாப் பகுதியைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருகிற அன்று, அதைக் கொஞ்சம் கழற்றி வைப்போமா என்று கேட்டுப் பார்த்தேன். “கழட்டுங்க. அந்தப் பத்து நிமிஷத்தயும் எங்கயாவது கழட்டி வெச்சிட்டு வாங்க,” என்றார். கடதாசி அங்கேயே இருந்தது.

அவருடைய உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். இது போனால் என்ன போகும்? குளிர்சாதனப் பெட்டியில் உம்மாவின் இன்சுலின் இருந்தது. கரண்ட் போனால் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க, ஒரு விடுமுறை நாளில் பெட்டியை வேண்டுமென்றே நிறுத்தி, உள்ளே வெப்பமானி வைத்து, அரை மணிக்கு ஒருதரம் எழுதியிருக்கிறார். உம்மாவுக்கு மருந்து போய்விடுமோ என்று பயம். “மருந்த நான் எடுத்து ஐஸ் பெட்டியில வெச்சிட்டுத்தான், உம்மா, பாக்கிற. நான் பைத்தியமா?” என்று சொன்னாராம். அந்த உம்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்தது இது.

அவருடைய தம்பியின் நிக்காஹ்வுக்குக் கல்பிட்டியில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் சோடனை நடக்கிறது. ஜெனரேட்டர்காரர் பெருமையாகச் சொன்னார், கரண்ட் போனால் இது தானாகவே வேலை செய்யும் என்று. அவ்வளவுதான். இவர் நேரே போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். மின்விசிறிகள் நின்றன. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். ஜெனரேட்டர் தானாகவும் வேலை செய்யவில்லை, உதைத்தும் வேலை செய்யவில்லை.

“மிஸ், கல்யாணத்தண்டைக்குக் கரண்ட் போகாது,” என்றாராம் ஜெனரேட்டர்காரர்.

“எழுதித் தாறீங்களா?”

வேறு ஜெனரேட்டர் கொண்டு வந்தார்கள். கல்யாணத்தன்று கரண்ட் போகவே இல்லை. நான் போய் வட்டிலாப்பம் வரை சாப்பிட்டுவிட்டு, “பாத்தீங்களா மிஸ், சும்மா பயந்தீங்க,” என்று சீண்டினேன். “பயந்தது ஜெனரேட்டர்காரர். நான் நல்லாச் சாப்பிட்ட,” என்றார்.

அவரோடு வேலை செய்வது லேசில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் “நல்லா இருக்கு” என்ற சொல்லுக்காக நாம் ஏங்கிக்கொண்டு நிற்போம். அவர் அதில் ஓட்டை தேடிக்கொண்டு நிற்பார். ஒருநாள் என்னையே கேட்டார், “செக்ரட்டரி, நீங்க மூணு நாள் வராட்டி இந்தச் சங்கத்துல என்ன போகும்?” நான் இல்லாவிட்டால் சங்கமே கவிழ்ந்துபோகும் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், லைஃப் ஜக்கட் அலுமாரியின் திறப்பு எங்கே என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். போகக்கூடியது அது ஒன்றுதான். அன்றே ஒரு ஆணி அடித்து அந்தச் சாவியைச் சுவரில் மாட்டச் செய்தார். இரண்டு நாள் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் படகுக்காரருக்கு அவர் செய்து தந்த ஏற்பாடு, சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஏற்பாடு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண். புறப்படும்போது கைத்தொலைபேசியில் ஒன்று என்ற இலக்கமும் படகு எண்ணும் அடித்து அனுப்ப வேண்டும். திரும்பியதும் சைபரும் படகு எண்ணும். கணினியில் செருகிய சிம் அதை வாங்கி, தரவுத்தளத்தில் போட்டு, உடனே ‘சரி’ என்று ஒரு பதில் அனுப்பும். அறையின் சுவரில் ஒரு திரை. கடலில் நிற்கிற படகு சிவப்பு எண், கரையில் உள்ளது பச்சை. எழுத்தே வராத கிழவர்கள் கூட அந்த ‘சரி’யைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை இழுப்பார்கள். அது அவர்களுக்குக் கோயிலில் திருநீறு பூசிக்கொள்வது போலவும், சிலுவை அடையாளம் போடுவது போலவும், பிஸ்மி சொல்வது போலவும் ஆகிவிட்டது.

என் தம்பி யூட்டும் அப்படித்தான். அவன் படகு இருபத்தேழு. அந்தத் தை மாதம் அவன் மனைவி முதல் பிள்ளைப்பேற்றுக்குச் சிலாபத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் தனி. எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க நாளைக்குப் புத்தளம் போகிறேன், கடலுக்குப் போகவில்லை என்று முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தான்.

காலையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு முச்சக்கர வண்டியில் வயதுபோன வெள்ளைக்காரப் புருஷனும் மனைவியும் வந்து இறங்கியிருக்கிறார்கள். எந்த லொட்ஜிலும் தங்காதவர்கள், வழியோடு வந்தவர்கள். மற்றப் படகுகள் நிறைந்துவிட்டன. கிழவி டொல்பினுக்காகவே இவ்வளவு தூரம் வந்தாளாம். யூட்டுக்கு மனம் கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டான். தண்ணீரில் நின்றபடி செய்தி அனுப்பினான். ‘சரி’ வந்தது. எஞ்சினை இழுத்தான்.

அதற்குப் பிறகு நாலைந்து நிமிடத்தில் ஊரில் கரண்ட் போனது.

நான் அப்போது கரையோரத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். மெஷின்தான் எல்லாம் பார்க்கிறதே. ஒரு மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. போய்க் கணினியைப் போட்டேன். சுவரில் சிவப்பு எண்கள் வரிசையாக எரிந்தன. பார்க்க நிறைவாக இருந்தது. கரண்ட் இல்லாதபோது அனுப்பிய செய்திகளும் பின்னால் வந்து சேர்ந்தன. தலைக்கு மேலே கடதாசி இருந்தது. எல்லாப் படகையும் திரும்பக் கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தினமும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? நான் ஒருவரையும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குள் சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது. நான் நேவிக்காரருக்கு எடுத்து, எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னேன்.

உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டு மிஸ் பதினொன்றரைக்கு வந்தார். பையைக் கதிரையில் வைக்கவில்லை. சுவர்த் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதினாலாம் எண் படகு திரும்பியதாகச் செய்தி, ஆனால் அது போனதாகப் பதிவில்லை.

“பதினாலு எப்ப போன?”

“அவன் ரெண்டுதரம் அமத்தியிருப்பான் மிஸ்.”

“கரண்ட் போச்சா?”

“ஓம், காலம கொஞ்ச நேரம்.”

“வந்த பொறகு எல்லாரிட்டயும் திரும்பக் கேட்டீங்களா?”

“ஓம், கேட்டனான்,” என்றேன்.

சங்கச் செயலாளர் என்ற வீம்பு, வேறென்ன. அவர் என்னை ஒருதரம் பார்த்தார். தன் மெஷினையே நம்பாதவர் என்னையா நம்பப் போகிறார்? தொலைபேசியை எடுத்துப் பதினாலாம் எண்காரரைக் கூப்பிட்டார். அவர் பள்ளிவாசல்துறையில், சாப்பாட்டில் இருந்தார். ஓம் மிஸ், காலமை போனனான், சரி எண்டு மெசேஜும் வந்தது என்றார்.

மிஸ் தொலைபேசியை மெதுவாக மேசையில் வைத்தார்.

“போகாத படகு திரும்பி வந்தீக்கி செக்ரட்டரி. பத்து நிமிஷம் காணாமப் போயீக்கி. அதுக்குள்ள ஒண்டு போயீந்தா இன்னொண்டும் போயீக்கலாம்.”

“மிஸ், எல்லாம் பச்சை. நேவிக்கும் சொல்லியாச்சு.”

“பச்சை எண்டா, எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் வந்துட்டாங்க எண்டுதான். தெரியாத ஆக்களப் பத்தி அது ஒண்டும் சொல்லல்ல.”

ஒன்றாம் எண்ணில் இருந்து தொடங்கினார். “இப்ப எங்க ஈக்கிறீங்க? படகு எங்க? கண்ணால பாக்கிறீங்களா?” ஒவ்வொருவரிடமும் இதே மூன்று கேள்வி. எடுக்காதவர்களின் பக்கத்து வீட்டுக்கு எடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. தன் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காக ஊரையே எழுப்புகிறார் என்று நினைத்தேன். இருபத்தாறு முடிந்தது. இருபத்தேழு எடுபடவில்லை. எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது என்று குரல் வந்தது.

“அது என்ட தம்பி. அவன் புத்தளத்தில நிக்கிறான்.”

“போறதப் பாத்தீங்களா?”

“நேத்துச் சொன்னவன்.”

“சொன்னது ஈக்கட்டும். புத்தளத்துல போனுக்கு என்ன வந்தது? எந்தக் கடைக்குப் போற எண்டு சொன்ன?”

கடையின் பெயரைச் சொன்னேன். அங்கே எடுத்தார். அப்படி ஒருவர் இன்றைக்கு வரவில்லை என்றார்கள். அவர் என் பக்கம் திரும்பியபோது குரல் தணிந்திருந்தது.

“ஓடிப் போய் அவர்ட படகு ஈக்கா எண்டு பாருங்க.”

ஓடினேன். கரையில் அவன் படகை ஏற்றி வைக்கிற இடத்தில் உருட்டுக் கட்டைகள் மட்டும் கிடந்தன. அந்த இடத்தைக் கடந்துதான் நான் காலையில் தேத்தண்ணிக் கடையில் இருந்து திரும்பியிருந்தேன். மணலில் இருந்துவிட்டேன். தையில் வீசுவது வாடை. கரையில் இருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. எஞ்சின் நின்ற படகு அந்தக் காற்றில் எந்தத் திசைக்குப் போகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திரும்பி வந்தபோது மிஸ் நேவிக்காரரோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வந்துவிட்டதாகச் சொன்னது பிழை, ஒரு படகு வெளியில் இருக்கிறது, இன்ன நேரத்துக்கும் இன்ன நேரத்துக்கும் இடையில் புறப்பட்டது. பிழை என்று சொன்னாரே ஒழிய, யார் சொன்ன பிழை என்று சொல்லவில்லை. பிறகு கரைக்கு வந்தார். பெரியவர்கள் காற்றையும் நேரத்தையும் வைத்துத் திசை பார்த்தார்கள். சாமான் வாங்க வேண்டிய எஞ்சினோடு போயிருக்கிறான் என்று நான் சொன்னேன். மூன்று படகு இறங்கின. நேவியின் படகும் போனது.

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சிலாபத்துக்குத் தொலைபேசி எடுக்கக் கை வரவில்லை. நிறைமாதக்காரியிடம் என்ன சொல்வது? மிஸ் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹபாயாவின் ஓரம் நனைய நின்றார். வாய் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்ல அவருக்கு அப்போதும் வரவில்லை.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தார்கள். கிடைத்துவிட்டான். டொல்பின் பார்க்கப் போகிற எல்லைக்கும் வெகு தூரம் மேற்கே, எஞ்சின் செத்து, நங்கூரக் கயிறு முழுவதையும் விட்டும் நிலம் எட்டாமல் மிதந்துகொண்டிருந்தானாம். இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தபோது இன்னும் வெயில் இருந்தது. கிழவனும் கிழவியும் தலையில் ஈரத் துவாயோடு, சிவந்துபோய், ஆனால் நல்ல சுகமாக இருந்தார்கள். யூட் தண்ணீரில் இறங்கி என்னைக் கண்டதும் முதலில் சொன்னது இதுதான்.

“மெசேஜ் போட்டனான் அண்ணே. சரி எண்டு வந்தது. கரையில தெரியும், எப்பிடியும் வருவாங்க எண்டு இவங்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வெச்சிருந்தன்.”

பக்கத்தில் நின்ற மிஸ்ஸின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். காப்பாற்றிவிட்ட ஒருவரின் முகமாக அது இல்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்த பிறகு சங்கம் கூடியது. மிஸ்ஸுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று எல்லாரும் ஒரே பிடி. அவர் வந்தார். பொன்னாடையைக் கையாலும் தொடவில்லை. எழுந்து நின்று, யூட்டைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“என்ட மெஷின் இவருக்குச் சரி எண்டு சொல்லீக்கி. அந்தச் சரிய வெச்சிக்கிட்டு இவர் பகல் முழுக்கக் கடலுல ஈந்தீக்கார். கரையில அந்தச் சரி இல்ல. பத்து நிமிஷம் போகும் எண்டு எனக்கு முந்தியே தெரியும். எழுதியும் ஒட்டின. ஆனா எழுதி வெக்கிறதுக்கு முந்திச் சரி சொல்ல வெச்சது நான். ஞாபகத்துல மட்டும் ஈக்கிற ஒண்டுக்கு வாக்குக் குடுக்கக் கூடா. அது என்ட பிழை. மன்னிச்சிக்கங்க.”

யூட் எழும்பி, “ஐயோ மிஸ், நீங்க தேடாட்டி நான் இண்டைக்கு இல்ல,” என்றான். “தேட வெச்சதே நான்தானே,” என்றார் அவர். கணினி ஓடத்தான் செய்தது, வேகமாகவும் ஓடியது, எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. ஊர் பாராட்டுகிற இடத்தில் எழுந்து நின்று, தன் வேலையில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பிழையை எடுத்துக் காட்ட எத்தனை பேரால் முடியும்? என் ஆயுளில் நான் கண்டது அவர் ஒருவரைத்தான்.

அன்று பின்னேரமே மாற்றிவிட்டார். செய்தி வந்தால் முதலில் வன்தட்டில் எழுத வேண்டும், எழுதியது உறுதியான பிறகுதான் ‘சரி’ போக வேண்டும். கிழட்டு வன்தட்டு முனகி முனகி எழுதுவதற்குச் சில விநாடி பிடிக்கும். இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு அது பெரிய நேரம். முந்தியென்றால் திட்டித் தீர்த்திருப்பார்கள். இப்போது அலை அடிக்க அடிக்க, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள்.

கூட்டம் முடிந்து ஸ்கூட்டியை எடுத்தவரைப் பின்னால் போய் மறித்தேன்.

“மிஸ், எல்லாரிட்டயும் கேட்டனான் எண்டு அண்டைக்கு நான் சொன்னது…”

“தெரியும்.”

“கூட்டத்தில ஏன் சொல்லயில்ல?”

தலைக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டினார். “என்டத நான் சொல்லிட்டன். ஒங்கடத நான் சொன்னா அது கோள்.”

அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. முகத்திலும் காட்டவில்லை, வேலையிலும் காட்டவில்லை. அடுத்த வருடம் உம்மா மௌத்தாகிவிட, கட்டாரில் இருக்கிற தன் மகளிடம் போய்ச் சேர்ந்தார். போகுமுன் ஒரு கிழமை இருந்து எனக்கு எல்லாம் காட்டித் தந்தார். அந்த ஒரு கிழமையில் ஒவ்வொரு நாளும், இன்றைக்காவது யூட்டிடம் என் பிழையைச் சொல்லிவிட்டு வந்து, சொல்லிவிட்டேன் என்று மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமலே விமான நிலையம் வரை கூடப் போய்விட்டு வந்தேன்.

யூட்டின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன கிழமை இதை எழுத உட்கார்ந்தபோதுதான், அவரைப் பற்றி எழுதுகிற நான் என்னுடையதைச் சொல்லாமல் எழுதினால் அவருக்குச் செய்கிற மரியாதையா அது என்று குத்தியது. பேனையை வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். யூட் அப்போதுதான் வந்திறங்கி, படகை மேலே ஏற்றக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் இருந்ததை, கடதாசியை வாசிக்காததை, நேவிக்குச் சொன்னதை, மிஸ்ஸிடம் பொய் சொன்னதை. அவன் குனிந்தபடியே கேட்டான்.

“தெரியும்,” என்றான்.

“மிஸ் சொன்னவவா?”

“மிஸ் ஏன் சொல்லப் போறா? நீதான் காட்டித் தந்தாய். அண்டைக்குப் பிறகு எத்தின வருசம், நான் சைபர் போட்டாலும் போடாட்டியும், நீ ஒப்பிசில இருந்து இந்த மணலுக்க இறங்கி வந்து என்னக் கண்ணால பாத்திட்டுத்தான் திரும்பிப் போறாய். மற்ற நாப்பது பேருக்கும் நீ அப்பிடி வாறயில்ல. ஏன் வாறாய் எண்டு எனக்கு விளங்காதா?”

அவன் நிமிர்ந்து படகின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தைப் பிடிக்கும்படி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“சொல்லி முடிச்சிட்டன் எண்டு நாளைக்கு வராம விட்டிராத அண்ணே,” என்றான்.